அயர்லாந்து உறுப்பினரின் கேள்வி

போன வாரம் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தைக் காட்டினார்கள். அரைவட்டமாக நாற்காலிகள், ஒவ்வொருவர் காதிலும் ஒரு கருவி. ஒரு பெண்மணி எழுந்து, எங்கேயோ நடக்கிற சண்டைக்கு ஆயுதம் அனுப்பியது யாரைக் கேட்டு என்று விசாரித்தார். பதில் சொல்ல வேண்டியவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே சுற்றி வளைத்தார். "அந்த சபைக்கு நான் சபாநாயகரா இருந்திருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பேத்தி என்னைப் பார்த்தாள், பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். எழுபதைத் தாண்டியவர்கள் இப்படி ஏதாவது சொன்னால் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள். என் மகளும் பார்த்தாள்.

உங்களிடம் சொல்லலாம், நீங்கள் டப்பாவைத் தேட மாட்டீர்கள். நான் சபாநாயகராக இருந்தது உண்மை. அவை கூடிய இடம் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துக்குப் போகிற வழியில், ஓர் அரிசி மண்டியின் மாடி.

இப்போதும் புதுக் கோணிப்பையின் வாசனை பட்டால் எனக்கு வெளியுறவுக் கொள்கைதான் நினைவுக்கு வரும். கீழே மூட்டைகள், மேலே நாங்கள். மரப்படி ஏறினால் ஒரு நீளமான அறை. அதைப் படிப்பகம் என்பார்கள். செய்தித்தாள் போட இரண்டு மேஜை, ஒரு வால்வு ரேடியோ, காற்றுக்கு ஒரு ஜன்னல். ஞாயிறு மதியம் மேஜைகளை ஒதுக்கிவிட்டு மாதிரிப் பாராளுமன்றம் நடத்துவார்கள். நான் அப்போது பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் தட்டச்சு வேலையில் சேர்ந்திருந்த புதிது. சங்கத்து ஆட்கள் கூப்பிட்டு ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். அன்றைக்குச் சபையில் ஒரே கூச்சல். "ஒரு பொம்பளப் புள்ளைய நடுவுல உக்கார வச்சா கொஞ்சம் மரியாதையா பேசுவாங்க" என்று யாரோ சொல்ல, என்னைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். என் குரல் அடுத்த மேஜைக்கே எட்டாது. அமைதி வேண்டும் என்றால் எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுவேன். காபி வந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அமைதி கிடைத்துவிடும். வீட்டில் அம்மாவிடம் தட்டச்சு ஹையர் வகுப்பு என்று சொல்லியிருந்தேன்.

முதலில் டெல்லி விவகாரம், மெட்ராஸ் விவகாரம் எல்லாம்தான் பேசினோம். நெருக்கடி நிலை வந்ததும் மண்டிக்காரர் மேலே ஏறி வந்து கைகூப்பினார். "பாலிடிக்ஸ் வேணாம்பா. நான் புள்ளகுட்டிக்காரன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாளில் டீக்கடையிலேயே குரலைத் தணித்துத்தான் பேசினார்கள்.

வழி கண்டுபிடித்தவர் தணிகாசலம். தாலுக்கா ஆபீஸில் குமாஸ்தா. மெலிந்த உடம்பு, எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எங்கள் சபையில் அவர்தான் நிரந்தர மந்திரி. பதில் சொல்லாமலே பதில் சொல்லும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. "ஆபீஸ்ல தினம் பழகறதுதானே" என்று அவரே சிரிப்பார். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகள் சேர்ந்து ஒரு சபை வைத்திருப்பதாக எங்கேயோ படித்திருந்தார். "நாம ஐரோப்பாவப் பத்திப் பேசலாம்பா. அவங்க ராணுவம், அவங்க பந்தோபஸ்து, அவங்க வெளிநாட்டுக் கொள்கை. இங்க யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

அப்படித்தான் காஞ்சிபுரத்தில் ஐரோப்பா கூடியது. நாடுகளைப் பிரித்துக்கொண்டோம். மாடு வைத்துப் பால் ஊற்றியவருக்கு டென்மார்க். மீசை பெரிதாக இருந்தவருக்கு ஜெர்மனி. தணிகாசலம் ஒன்பது நாட்டுக்கும் பொதுவான பாதுகாப்பு மந்திரி. நிஜ ஐரோப்பாவில் அப்படி ஒரு மந்திரியும் கிடையாது, அந்தச் சபைக்கு ராணுவத்தைப் பற்றிக் கேட்கப் பெரிய அதிகாரமும் கிடையாது என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். எங்களுக்கு அது தெரியாது. அதனால் கேட்டோம். பீரங்கி வாங்கியதைச் சபைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். அடுத்த நாட்டில் ராணுவம் நின்றால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டோம். பத்திரிகையை ஏன் தணிக்கை செய்கிறீர்கள் என்று பால்காரர் கேட்டபோது, டென்மார்க்கில் தணிக்கை இருக்கிறதா என்று யாரும் ஆராயவில்லை. எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். இடையில் தெருவில் சாமி புறப்பாடு வந்துவிட்டால் ஐரோப்பா மொத்தமும் எழுந்து ஜன்னல் பக்கம் போகும். தீபாராதனை முடிந்த பிறகுதான் ராணுவச் செலவு தொடரும்.

ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கை எப்போதும் கிரீஸ். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். மாநிலத்தில் ஆண்ட கட்சிக்குத் தெருவில் கொடி கட்டியவர். அவர் கேட்டு வாங்கிய நாடு அயர்லாந்து. ஏன் அது என்றேன். "குட்டி நாடும்மா. பெரிய நாட்டுக்குப் பக்கத்துல இருந்துக்கினு கேள்வி கேக்கறது அதான்" என்றார். அவர் எழுந்தால் தணிகாசலம் தண்ணீர் குடித்துக்கொள்வார். துணைக் கேள்வி, அதற்கு ஒரு துணைக் கேள்வி என்று ஏகாம்பரம் விடாமல் போவார். இருவரும் சபையில் அப்படி அடித்துக்கொண்டு, முடிந்ததும் ஒரே சைக்கிளில் போவார்கள். ஏகாம்பரம் மிதிப்பார், மந்திரி பின்னால் கேரியரில்.

மாநில ஆட்சியைக் கலைத்த சில நாளில் சைக்கிள் கடைக்குப் போலீஸ் ஜீப் வந்தது. காலை நேரம். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்று ஏகாம்பரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். பஞ்சர் ஒட்டக் கழற்றிய டியூப் வாளித் தண்ணீரிலேயே கிடந்ததாம்.

அவர் மனைவி சரோஜாக்கா தறிக்காரர் வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர். வேலையை விட்டுவிட்டு அலைந்தார். இங்கே கேட்டால் அங்கே கேள் என்றார்கள், அங்கே போனால் அப்படி ஒரு ஆளே வரவில்லை என்றார்கள். செங்கல்பட்டு போனார், மெட்ராஸ் போனார். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உயிரோடு இல்லை என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அதை அவர் காதிலும் போட்டுவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு சரோஜாக்கா மாடி ஏறி வந்தார். மேஜை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். தலை வாரவில்லை. கதவோரம் நின்றுகொண்டு, "நீங்கல்லாம் கேள்வி கேக்கற கூட்டம்னு அவரு சொல்வாரு. எனக்காவ ஒரு கேள்வி கேளுங்கப்பா" என்றார்.

யாரும் எழவில்லை. ஜெர்மனி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரர் ஜன்னலைச் சாத்தினார். எனக்கும் பயம்தான். ஆனால் அந்தக் காலி நாற்காலி கண்ணெதிரே இருந்தது. "அக்கா, உறுப்பினருங்கதான் கேக்க முடியும். அயர்லாந்து இடம் காலியா இருக்குது. அங்க உக்காந்து நீங்களே கேளுங்க" என்றேன். எப்படி அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

அவர் உட்கார்ந்தார். பிறகு, கணவர் எழுந்து நின்றுதான் கேட்பார் என்று கேள்விப்பட்டிருப்பார் போலிருக்கிறது, எழுந்து நின்றார். தணிகாசலத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரர எங்க வச்சிருக்கறீங்க? உயிரோட இருக்கறாரா, இல்லியா?"

தணிகாசலம் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வினாவுக்கு முன்னறிவிப்பு தேவை. தகவல் திரட்டி அடுத்த அமர்வில் அவைமுன் வைக்கப்படும்" என்றார். எத்தனையோ முறை நாங்கள் சிரித்த வாக்கியம் அது.

"ஆபீஸ்லயும் இதத்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு சரோஜாக்கா இறங்கிப் போனார். எங்களில் யாரும் தணிகாசலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அன்றைக்குத் தனியாக நடந்து போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். பாதிப் பேர் வரவும் இல்லை. அந்த வாரம் அவர் ஆபீஸுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருந்ததாகக் கேள்வி. ஆனால் வந்தார், அதே வெள்ளைச் சட்டையில். சரோஜாக்கா வந்து அயர்லாந்தின் நாற்காலியில் உட்காரும்வரை காத்திருந்தார். நான் டம்ளரைத் தட்டினேன். அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை.

"அயர்லாந்து உறுப்பினர் எழுப்பிய வினாவுக்கு அரசின் பதில். சம்பந்தப்பட்ட குடிமகன் உயிருடன் உள்ளார். கோட்டையும் அகழியும் உள்ள நகரத்தின் சிறையில் வைக்கப்பட்டுள்ளார். காய்ச்சல் கண்டு தற்போது குறைந்துள்ளது. மனைவி நேரில் சென்று மனு கொடுத்தால் பார்க்க அனுமதிக்க வாய்ப்புள்ளது என்று அரசு கருதுகிறது."

கோட்டையும் அகழியும் என்றால் எங்கள் பக்கத்து ஆளுக்கு ஒரே ஊர்தான். வேலூர். ஒரு பஸ் ஏறினால் போய்ச் சேரலாம். அத்தனை நாளும் அவ்வளவு கிட்டத்தில்.

சரோஜாக்கா அழவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். "இன்னொண்ணு கேக்கலாமாம்மா?"

"துணைக் கேள்வி. கேளுங்க" என்றேன்.

"சாப்புடறாரா?"

மந்திரி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மந்திரியாக இல்லாமல், தணிகாசலமாகச் சொன்னார். "சாப்புடறாரும்மா. நல்லா சாப்புடறாரு."

மறுநாளே சரோஜாக்கா வேலூர் போனார். இரண்டு மூன்று நடைக்குப் பிறகு கம்பிக்கு அந்தப் பக்கம் கணவரைப் பார்த்தும் விட்டார்.

தணிகாசலம் எப்படித் தெரிந்துகொண்டார் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதற்கென்றே கூடிய கூட்டம் அதை மட்டும் கேட்கவில்லை. கோடைக்குள் அவருக்கு மாற்றல் வந்தது, ராமநாதபுரம் பக்கம். அந்த ஞாயிறுதான் காரணமா, வழக்கமாக வருகிற மாற்றல்தானா, யாருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஒரு தகர டிரங்குப் பெட்டி, ஒரு ஜமக்காளச் சுருட்டு. "சபையை விட்டுடாதம்மா" என்றார். விடமாட்டேன் என்றேன். மந்திரி இல்லாமல் எதை வைத்து நடத்துவது? கேட்க ஆள் கிடைத்தாலும், எழுந்து நின்று பதில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அங்கேயே மஞ்சள் காமாலை வந்து அவர் இறந்துபோன செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

நெருக்கடி நிலை முடிகிற சமயத்தில் ஏகாம்பரத்தை விட்டார்கள். ஆள் பாதியாகியிருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவர் பேசியதில்லை. அவருக்காக ஒரு ஞாயிறு சபையைக் கூட்டினோம், மாலைகூட வாங்கியிருந்தோம். இப்போது டெல்லியைப் பற்றியே பேசலாம், ஐரோப்பாவின் துணை தேவையில்லை. அயர்லாந்து உறுப்பினர் என்று அழைத்தேன். அவர் எழுந்தார். எல்லோரும் காத்திருந்தோம். நகக்கண்கள் சுத்தமாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று உட்கார்ந்துவிட்டார்.

அதுதான் கடைசி அமர்வு. எனக்கும் கல்யாணமாகி மெட்ராஸ் வந்துவிட்டேன். பல வருஷம் கழித்து ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய் அந்த ஞாயிறுக்கு வந்தது. நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்று தணிகாசலம் சார் சொன்னபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஏதும்மா சாப்பாடு? பேதி புடிச்சுக்கினு கஞ்சிகூட எறங்கல. அவரு என்னைப் பாக்கவே இல்லியே" என்றார்.

நான் சரோஜாக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியும்மா. போய்ப் பாத்த அன்னிக்கே தெரிஞ்சிட்டுது" என்றார். "ஆனா அவரு அப்பிடிச் சொன்ன அன்னிக்குத்தான் நானு சோறு துன்னேன்."

இருவரும் இப்போது இல்லை. போன வைகாசியில் பெருமாளைச் சேவித்துவிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். மண்டி இருந்த இடத்தில் ஒரு பெரிய பட்டுக்கடையின் வண்டி நிறுத்தும் திடல். வெளியூர் வேன்கள் வரிசையாக நின்றன. இந்த இடத்தில் ஒரு மாடி இருந்ததே, அதை எப்போது இடித்தார்கள் என்று சீட்டு கிழித்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன். அவன் நல்ல பையன், செல்போனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"மாடியாமா? எனக்குத் தெரிஞ்சு இது எப்பவும் காலி மனைதாம்மா."

ஒரு வேனைப் பின்னால் எடுக்க வழி கேட்டார்கள். ஒதுங்கி நின்றேன். நாங்கள் உட்கார்ந்து பேசிய உயரத்தில் வெறும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.