ஓடை தானே கட்டிய கரை

ஊரில் அவருக்குச் சீப்பு என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் லைசென்ஸில் மட்டும் இருக்கிறது. பொக்லைன் ஓட்டுகிறவர். மற்ற ஆட்கள் மண்ணை அள்ளிக் கொட்டினோமா, கூலியை வாங்கினோமா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் அப்படியில்லை. பக்கெட்டின் பல்லைத் தரையில் வைத்து, மண்ணை இழுத்து வாரி, வகிடெடுத்துவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்குவார். வேலை முடிந்த இடத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. "உங்க வீட்டுக்காரர் ரோடு போடுறாரா, ரோட்டுக்குத் தலை வாருறாரா?" என்று அவர் மனைவியை அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். சீப்புக்கு அதுவும் பெருமைதான். கேலியைக்கூடப் பாராட்டாக எடுத்துக்கொள்கிற ஜென்மம்.

அவருக்கு ஒரே தங்கை. மலையடிவாரத்தில் ஓடைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தாள். முன்னறையில் தையல் மெஷின், பின்னால் சமையல்கட்டு, வாசலுக்கு எதிரே ஓடை. அவள் புருஷன் பள்ளிக்கூட பஸ் டிரைவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். லீவு நாளில் மட்டும் கட்டிலோடு ஒட்டிக்கொள்வார், கூப்பிட்டாலும் அசைய மாட்டார்.

அந்த வருஷம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஒரு சாயங்காலம் ஓடையில் ஒன்று இறங்கி வந்தது. அதை வெள்ளம் என்று சொல்ல முடியாது. மண்ணும் கல்லும் வேரோடு பிடுங்கிய மரமும் சேர்ந்து, கலவை மெஷினிலிருந்து கவிழ்த்த கான்கிரீட் மாதிரி கெட்டியாக உருண்டு வந்தது. முன்வரிசை முழுக்கப் பாறாங்கல். அதன் முதுகைத் தள்ளிக்கொண்டு பின்னால் சேறு. தரை அதிர்ந்தது, ஜன்னல் கம்பி நடுங்கியது. தங்கையும் புருஷனும் பின்வாசல் வழியாக ஓடினார்கள். ஆனால் வந்தது வீட்டைத் தொடவில்லை. ஓடையோடு போய், கீழே சமவெளியில் அப்படியே நின்றுவிட்டது.

போகிற போக்கில் ஓடையின் இரண்டு பக்கமும் நெஞ்சுயரத்துக்குக் கல்லைக் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தது. தங்கை வீட்டு வாசலுக்கு நேராகவும் அப்படி ஒரு குவியல், நீளமாக, கோணல்மாணலாக. அதைப் பார்த்ததுமே சீப்புக்குக் கை அரித்தது. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டியோடு வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, இதை ஒரே மூச்சில வழிச்சு எறிஞ்சிடுறேன்."

"எதுக்கு மச்சான்?" தங்கை புருஷன் கொட்டாவி விட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார். "கல்லு கிடந்தா கிடந்துட்டுப் போகுது. அதென்ன, நம்மகிட்ட சோறா கேக்குது? நீங்களும் வந்து படுங்க."

"உம்ம சோம்பேறித்தனத்தைக் கல்லுக்கும் சொல்லிக் குடுத்துட்டீரா? தள்ளும் ஓய்!"

மனுஷன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு அன்று யாராவது காது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

பாதி வேலை முடிந்தபோதுதான் தங்கை தேத்தண்ணியோடு வந்தாள். வாசலைப் பார்த்து அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா! பார்க்கவே அசிங்கமா இருந்துச்சுண்ணே. இப்பதான் வீடு வீடா இருக்கு." சீப்பு இன்னும் குஷியாகிவிட்டார். மிச்சத்தையும் வழித்து, வாசலுக்கும் ஓடைக்கும் நடுவே தரையைப் பாய் விரித்த மாதிரி ஆக்கிவிட்டுத்தான் போனார்.

அதே மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி ஒன்று இறங்கியது. மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. தங்கை மேல்தெருவில் ரவிக்கைக்கு அளவெடுக்கப் போயிருந்தாள். புருஷன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். இந்த முறை வந்தது முன்னதைவிடச் சின்னது. ஆனால் ஓடையோடு போகவில்லை. வாசலுக்கு நேரே வந்ததும் திரும்பி, பாய் விரித்த தரை மேலே ஏறி, நேராக முன்னறைக்குள் புகுந்தது.

தோண்டி எடுக்க வந்ததும் சீப்புதான். கொஞ்ச தூரம் வண்டியில் தோண்டினார். அப்புறம் பக்கெட்டின் பல் மாப்பிள்ளை மேல் பட்டுவிடுமோ என்று பயந்து, இறங்கிக் கையாலேயே தோண்டினார். கிடைத்தபோது உயிர் இல்லை.

இயற்கை என்றார்கள், விதி என்றார்கள். சீப்பும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். தங்கையைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்.

கோடை வந்ததும் நிலச்சரிவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற அம்மா ஒருவர் ஊருக்கு வந்தார். நல்ல மாதிரி. கல் மேல் கல்லாக ஏறி இறங்கி, இடிந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணனையும் தங்கையையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இது தண்ணி மாதிரி ஓடாதும்மா. ஓடும்போது கல்லுக்கு நடுவுல இருக்கிற சேத்துத்தண்ணி கல்லோட பாரத்தைத் தாங்கிக்கும். அதனாலதான் இவ்ளோ பெரிய பாறைகூட மிதக்குற மாதிரி வருது. அந்தத் தண்ணி வடிஞ்சா கல்லும் கல்லும் கோத்துக்கிட்டு நின்னுடும்."

"பெரிய கல்லெல்லாம் முன்னாடி வந்துச்சே, அது எப்படி?" என்று தங்கை கேட்டாள்.

"டப்பாவுல பருப்பையும் ரவையையும் கலந்து குலுக்கிப் பாருங்க. சின்னது சந்துல இறங்கிடும், பெருசு மேல வந்துடும். இதுல மேல்பக்கம்தான் வேகமா ஓடுது. மேல வந்த பெருசெல்லாம் அப்படியே முன்னாடி போய்ச் சேருது. ஆனா முன்னாடி சேத்துத்தண்ணி நிக்காது, உரசல் ஜாஸ்தி, அதனால தயங்கும். பின்னாடி வர்ற சேறு சும்மா இருக்குமா? அதை ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு நடுவுல ஓடும். ஒதுக்கின கல்லுதான் கரை. தனக்குத் தானே கரை கட்டிக்கிட்டுப் போகும். அடுத்து வர்றது பெரும்பாலும் அந்தக் கரைக்குள்ளயே போயிடும்."

அந்த அம்மா மேலே கை காட்டினார். கரை இருந்தது. கீழேயும் இருந்தது. நடுவில், வாசல் அகலத்துக்கு மட்டும் இல்லை.

"இங்க மட்டும் யாராவது எடுத்தாங்களா?"

நான்தான் என்று சீப்பு சொல்ல வேண்டும், அவ்வளவுதானே! வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"ஐயோ... நான்தாம்மா. பார்க்க அசிங்கமா இருக்குன்னு நான்தான் அண்ணன்கிட்ட சொன்னேன். எனக்காகத்தான் அவர் எடுத்தாரு."

அவள் பொய் சொல்லவில்லை. துக்கத்தில் அவளுக்கு முன்னும் பின்னும் குழம்பிப்போயிருந்தது. தேத்தண்ணி கொண்டு வந்தபோது சொன்னதை, வண்டி வருவதற்கு முன்னால் சொன்னதாகவே நம்பினாள். அப்படியில்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார். மற்றவர் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாம செஞ்சதும்மா. யாருமே அப்படித்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கிளம்பிப் போனார்.

திரும்பும் வழியில் தங்கை பாதி ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அவரை நானே கொன்னுட்டேனேண்ணே. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்தக் கல்லு அங்கேயே கிடந்திருக்கும். என்னை ரெண்டு அடி அடிச்சிடுண்ணே."

அடப்பாவி மனுஷா, இப்போதாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா? சொல்லத்தான் நினைத்தார். சொன்னால் இவள் இனி என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடுவாளா, என்னை அண்ணே என்று கூப்பிடுவாளா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து நின்றது. அவளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தார்.

"விடும்மா. நீ என்ன, தெரிஞ்சா சொன்னே? உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல."

அவள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீயாவது என்னை மன்னிச்சியேண்ணே" என்றாள்.