ஜன்னலைத் திறந்த சிஸ்டர்

ஏசி காற்று வெளியே போகாதிருக்க வார்டு ஜன்னல்களின் ஓரங்களில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். கொரோனா இரண்டாம் அலையில் டெல்லி மருத்துவமனை ஒன்றில் கிடந்த எனக்கு, எங்களை உள்ளே வைத்து ஒட்டிவிட்டதாகவே தோன்றியது. காலையில் என்னோடு பேசிய பக்கத்துக் கட்டில் சர்தார்ஜி மதியம் இல்லை. புது விரிப்பு மட்டும் இருந்தது. அடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டு சிஸ்டர் நாகர்கோவில்காரர். கவச உடைக்குள் கண்கள் மட்டும் தெரியும். தமிழ்க் குரல் கேட்ட தைரியத்தில், "நான் பிழைப்பேனா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியல சார். ஆனா நான் டூட்டியில இருக்க வரைக்கும் உங்கள பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. அன்று பிற்பகலே வார்டுக் குழாய்களில் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கியது. யாரும் கத்தவில்லை, கத்துவதற்கு மூச்சு இல்லை. சிஸ்டர் ஒவ்வொருவரையும் குப்புறப் புரட்டிப் படுக்க வைத்தார். பிறகு உதவியாளரிடம், "பையா, கிட்கி கோலோ, ஜல்தி" என்று ஜன்னலைச் சீக்கிரம் திறக்கச் சொன்னார். அவர் தயங்கவே, தானே கத்தரிக்கோலால் டேப்பைக் கிழித்துத் திறந்தார். வெயிலின் அனல் உள்ளே வந்தது. சிலிண்டர்கள் வரும்வரை கட்டில் கட்டிலாக மூச்சைக் கவனித்தபடி நடந்தார். எல்லோரும் தப்பவில்லை. நான் தப்பினேன்.

ஜன்னலை ஏன் திறந்தீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"எங்க நர்ஸ் தொழிலுக்கு வழி காட்டுன, கையில விளக்கோட வார்டு சுத்துன அந்த வெள்ளக்காரம்மா, போர்க்கால ஆஸ்பத்திரியில இதத்தான் செஞ்சாங்க சார். நல்ல காத்து, சுத்தம், நோயாளிய விட்டுக் கண்ண எடுக்காம இருக்கது. வேற ஒண்ணும் கையில இல்லாதப்ப அதுதானே இருக்கு?"

எந்தக் காலத்திலோ, எந்த நாட்டிலோ வாழ்ந்த பெண்மணி. அவர் விட்டுச்சென்ற பழக்கம் என் கட்டில்வரை வந்திருந்தது.

சில நாட்களில் சிஸ்டருக்கும் காய்ச்சல் கண்டது. வேறெங்கும் இடமில்லாமல் என் எதிர்க் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். அதற்குள் நான் எழுந்து உட்காரத் தேறியிருந்தேன். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை. ஒரு மதியம் உதடுகள் நீலமாவதைக் கண்டு, என் ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிவிட்டு ஓடிப்போய் டாக்டரை அழைத்தேன்.

பிழைத்துக்கொண்டார். நான் வீடு திரும்பும் நாளில், "ரொம்ப பயந்துட்டீங்களாமே சார்?" என்றார்.

"ஆமாம் சிஸ்டர்."

"நானும்தான். அந்த வார்டுக்குள்ள காலெடுத்து வைக்க ஒவ்வொரு நாளும் பயந்தேன்."

இந்த வருடம் என் மகள் நர்சிங் முடித்து, தொற்றுநோய் வார்டில் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் ஜனக்புரி மெட்ரோ வாசல்வரை உடன் போனேன். டெல்லியில் பிறந்தவள், அவள் தமிழ் இந்தி கலந்துதான் இருக்கும். "அப்பா, டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க. நான் மேனேஜ் பண்ணிப்பேன்."

போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மாஸ்க்கைச் சரியா போட்டுக்கோம்மா" என்றேன்.