மூன்று கிணறும் ஒரு சின்ன மோட்டாரும்

கருகிப்போன மோட்டாரைத் திறந்து பார்த்தால் போதும், அது எப்படிச் செத்தது என்று காயில்காரி சொல்லிவிடுவாள். கரண்ட் கூடிச் செத்ததற்கு ஒரு முகம், தண்ணீர் கிடைக்காமல் காற்றைக் குடித்துச் செத்ததற்கு வேறு முகம்.

மோட்டார் கட்டும் கடைக்கு அவள் முதலில் போனது இன்சுலேஷன் பேப்பர் வெட்டுகிற வேலைக்கு. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கருகிய காயிலைப் பிரிக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணுவாள், சாக்பீஸால் சுவரில் எழுதுவாள், அதே எண்ணிக்கைக்குப் புதுக் கம்பியைச் சுற்றுவாள். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் முழுவதையும் பிரித்துப்போட்டு மறுபடி தொடங்குவாள். முதலாளிக்குக் கண் மங்கியபோது கடை அவள் கைக்கு வந்தது.

அந்தக் கோடையில் ஒரே நாளில் மூன்று மோட்டார்கள் கடைக்கு வந்து இறங்கின. ஒன்று அவளுடைய அண்ணனுடையது. மற்ற இரண்டில் ஒன்று அண்ணன் தோட்டத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பால்காரருடையது, இன்னொன்று அந்தப் பக்கம் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து விவசாயம் பார்க்கிறவருடையது. மூன்றையும் திறந்தாள். மூன்றுமே காற்றைக் குடித்துச் செத்திருந்தன. எத்தனை மணிக்கு நின்றது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பதினோரு மணிக்குக் கரண்ட் வந்ததாகவும், பதினொன்றரை தாண்டியதும் நின்றுபோனதாகவும் மூவரும் சொன்னார்கள்.

அண்ணன் தன் மோட்டாரைக் கட்ட வேண்டாம் என்றார். அவர் தோட்டம் இருக்கும் சாலையோரம் ஒரு காலத்தில் பத்தொன்பது தோட்டங்கள் இருந்தன. இப்போது இந்த மூன்றைத் தவிர மற்றதெல்லாம் கல் நட்ட மனைகள். ஊருக்குத் தக்காளி எங்கிருந்தோ லாரியில் வருகிறது.

“வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடறேன், புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன்” என்றார்.

“ஒரு போகம் மட்டும் பொறுத்துக்கோண்ணே.”

“பொறுத்தா? தண்ணி நீ கொண்டுவருவியா?”

“கொண்டுவர மாட்டேன். இருக்கறத எண்ணித் தரேன்.”

அறுவடை முடிந்து வரும்படி அண்ணன் புரோக்கருக்குச் சொல்லியனுப்பினார். தங்கை பேச்சில் நம்பிக்கை வந்து அல்ல, அவளோடு மல்லுக்கட்ட முடியாமல்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, சாண் சாணாக முடிச்சுப் போட்ட கயிற்றோடு காயில்காரி அண்ணன் கிணற்றடிக்கு வந்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு மோட்டாரை வைத்துக் கிணற்றை வற்ற இறைத்தாள். பிறகு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிவிட்டு, கைக்கடிகாரத்தோடு பொழுது சாயும்வரை உட்கார்ந்தாள். ஒரு முடிச்சு நனைய எத்தனை நிமிஷம், அடுத்தது நனைய எத்தனை. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டபோது கையைக் காட்டினாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கிணறு ஊறித் தருவது ஒன்றரைக் குதிரைசக்தி மோட்டாருக்குத்தான் காணும். அண்ணன் வைத்திருந்ததோ ஏழரை. பால்காரர் ஐந்து போட்டார் என்று அண்ணன் ஏழரை போட்டார், அண்ணன் ஏழரை போட்டார் என்று பட்டாளத்தார் பத்து போட்டார். அடுத்தவன் இழுத்துவிடுவானோ என்ற பயத்தில் கரண்ட் வந்த நொடியே மூன்று சுவிட்சுகளும் விழும். அரைமணியில் மூன்று கிணறும் காலி.

மூவரிடமும் இதைச் சொல்லி, சின்ன மோட்டார் போட்டு நேரம் பிரித்து இறைக்கச் சொன்னாள். பால்காரர் தலையாட்டினார். பட்டாளத்தார் சிரித்தார்.

“பத்துக் குதிரை வச்சிருக்கறவன கழுதையக் கட்டச் சொல்றியேம்மா.”

“உங்க குதிரை இந்த வருஷம் மூணு தரம் என் கடையில வந்து படுத்துச்சுங்க ஐயா. கழுதை ஒருதரமும் வந்ததில்ல.”

பழைய இரும்பில் கிடந்த ஒரு மோட்டார்க் கூட்டை எடுத்து ஒன்றரைக் குதிரைக்கு அவளே காயில் கட்டி அண்ணன் கிணற்றில் இறக்கினாள். முதல் நாள் குழாயில் தண்ணீர் விரல் தடிமனுக்கு வந்தது. இதில் வாய் கொப்பளிக்கலாம் என்றாள் அண்ணி. அண்ணன் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். பதினொன்றரை ஆனது. வழக்கமாகக் குழாய் இருமத் தொடங்கும் நேரம். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு மணிக்கும் வந்தது. கரண்ட் போகும்வரை வந்தது. முன்பு பாத்தியை அடித்துக்கொண்டு சாலைப் பள்ளத்துக்கு ஓடிய தண்ணீர், இப்போது செடியின் காலடியிலேயே நின்று இறங்கியது.

மூன்றாம் நாள் பதினொன்றே கால் மணிக்கே குழாய் இருமியது. பட்டாளத்தார் தன் பத்துக் குதிரையைக் கட்டி வாங்கிப்போய்த் தன் கிணற்றில் மாட்டிவிட்டிருந்தார்.

அடுத்த நாள் காலை காயில்காரி நேராகப் போய் அவரை அண்ணன் கிணற்றடிக்கு அழைத்துவந்தாள். கயிறு தண்ணீரில் தொங்கியது. அண்ணன் தன் மோட்டாரை நிறுத்தியிருந்தார். கரண்ட் வந்ததும் பட்டாளத்தார் மோட்டாரைப் போடும்படி பால்காரரை அனுப்பினாள். அவளும் அண்ணனும் பட்டாளத்தாரும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஈரம் சொட்ட ஒரு முடிச்சு வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. நான்காவது முடிச்சு தெரிந்தபோது அந்தப் பக்கம் பத்துக் குதிரையின் சத்தம் மாறிக் காற்றை இழுக்கத் தொடங்கியது. பால்காரர் ஓடிப்போய் நிறுத்தினார்.

பட்டாளத்தார் கயிற்றைப் பிடித்து, வெளியே வந்த ஈர முடிச்சுகளை விரல் விட்டு எண்ணினார்.

“அப்ப இவன் தண்ணிய நான் குடிச்சிட்டு, இவனையே திட்டிட்டிருந்தேனா?”

“அண்ணனும் உங்களுத குடிச்சாருங்க. மேலதான் மூணு கிணறு. கீழ ஒரே தண்ணி.”

மறுவாரம் பத்துக் குதிரையைத் தானே வண்டியில் ஏற்றிவந்து கடை வாசலில் இறக்கினார். அதைக் கட்ட வேண்டாம், எடைக்குப் போட்டுவிட்டுச் சின்னதாக ஒன்று கொடு என்றார். மூவரும் முறை வைத்துக்கொண்டார்கள். முறை தவறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பட்டாளத்தாரே எடுத்துக்கொண்டார். இரண்டு நிமிஷம் கூடினாலும் வேலியருகில் விசில் சத்தம் கேட்கும்.

அறுவடை முடிந்து புரோக்கர் பத்திரத்தோடு வந்தபோது அண்ணி அவர் கையில் ஒரு பை தக்காளியைக் கொடுத்து, வெயிலுக்கு முன் வீடு போய்ச் சேரச் சொன்னாள். அடுத்த கோடையில், முந்தைய வருஷம் சேறு தெரிந்த அதே மாதத்தில், கிணற்றில் பதினோரு அடி தண்ணீர் நின்றது. பக்கத்துச் சாலைக்காரர்கள் நான்கு பேர் காயில்காரியைத் தேடி வந்தார்கள். யார் கையிலும் கருகின மோட்டார் இல்லை. எங்கள் கிணற்றையும் வந்து அளந்து சொல்லு என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

அதே வாரம் அண்ணன், நான்கு வருஷமாகத் தரிசாகக் கிடந்த மேல்காட்டை உழுதுபோட்டுவிட்டுத் தங்கைக்கு ஆள் அனுப்பினார். அவள் ஒரு பகல் முழுக்கக் கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்தாள்.

“பத்துமா?” என்றார் அண்ணன்.

“பத்தும். நாத்து விடுண்ணே.”