வகுப்பாசிரியர் கருத்து

ஆறாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு பெருமை இருந்தது. தன் வகுப்புப் பெண்கள் இருபத்திரண்டு பேரையும் கரைத்துக் குடித்தவள் தான் என்று. பெற்றோர் சந்திப்பு நாளில் மற்ற டீச்சர்கள் மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு திணறுவார்கள். இவள் மேசையில் பதிவேடே இருக்காது. பெயரைச் சொன்னால் போதும், ஆளுக்குப் பத்து நிமிடம், மூச்சு விடாமல். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். புதிதாகச் சேரும் டீச்சர்களிடம் தலைமையாசிரியை, "ஆறாம் கிளாஸ்ல போய்க் கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க, பேசறதுன்னா என்னன்னு தெரியும்" என்று சொல்லி அனுப்புவாள். இப்படித் தூக்கி வைத்து ஆடினால் யாருக்குத்தான் தலை கனக்காது?

பெண்களுக்கு மட்டுமான சின்னத் தனியார் பள்ளி அது. ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் வேறு பள்ளி எதிலாவது நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு விண்ணப்பம், அதுவும் இந்தப் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். எந்தப் பள்ளிக்கு எழுதுவது என்று டீச்சர் வாயிலிருந்து வரும் வார்த்தையை வைத்தே வீடுகளில் முடிவு செய்வார்கள். அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர். இனிஷியல்கூட ஒன்றுதான். உயரத்தை வைத்துப் பெரியவள், சின்னவள் என்று ஆக்கிவிட்டார்கள். பெரியவள் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கிவிடுவாள். கணக்கைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே விடையைச் சொல்லிவிடுவாள். காலைக் கூட்டத்தில் அவள் செய்தி வாசித்தால் மைக் தேவையில்லை. சின்னவள் இருந்தாள். அவளைப் பற்றி அவ்வளவுதான், இருந்தாள்.

சந்திப்பு நாளில் சின்னவளின் அப்பா வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எப்போதும் அம்மாதான் வருவாள், அன்றைக்கு இவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், கருவிப் பை தோளில் தொங்கியது. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொடும்படி உட்கார்ந்து மகள் பெயரைச் சொன்னார்.

"அவளா? அவ கையக் கட்டித்தாங்க போடணும்" என்று டீச்சர் ஆரம்பித்தாள். "நான் கேக்கறதுக்குள்ள தூக்கிடறா. கணக்கு தண்ணி பட்ட பாடு. வாசிச்சான்னா ஹாலே அதிருது."

அவருக்கு நம்ப முடியவில்லை. "எம் பொண்ணா டீச்சர்? வீட்டுல வாயே தொறக்க மாட்டாளே!"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அப்புறம் ஆறாம் வகுப்பு டீச்சர் என்று எதற்குப் பேர்? "வீட்டுல எல்லாம் அப்படித்தாங்க, பூனை மாதிரி இருப்பாங்க. இங்க வந்து பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப அந்தப் பெரிய ஸ்கூலுக்கே எழுதலாமா? நாங்க சின்னதா ஒண்ணு நெனச்சு வச்சிருந்தோம்."

"தாராளமா எழுதுங்க."

போகிற வழியில் கதவைத் திறந்து பிடித்த ஆயாவுக்கு இரண்டு தடவை நன்றி சொல்லிவிட்டுப் போனார். தலை கால் புரியாத சந்தோஷம்.

கால் மணி நேரம் கழித்து ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்து அதே பெயரைச் சொன்னாள். நல்ல உயரம். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அதே வார்த்தைகளை மறுபடி சொன்னாள். இந்தத் தடவை எல்லாம் உண்மை, ஆனால் குரல் எழும்பவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் லிஃப்ட்காரர் பள்ளி கேட் அருகில் நின்று போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மனைவியாகத்தான் இருக்கும். ஓடிப் போய்ச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அடுத்து இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

டீச்சரின் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சாயங்காலம் காபி குடிக்கும்போது மென்று விழுங்கி அவரிடம் சொன்னாள்.

"பாவம். அந்தப் பொண்ணு எப்படி இருக்கும்?" என்றார் அவர்.

"குள்ளமா இருப்பா."

"கண்ணாடி போடுமா?" தொழில் புத்தி அவருக்கு.

டீச்சர் யோசித்தாள். "போடும்... இல்ல, போடாதுன்னு நெனைக்கறேன்."

கேலி செய்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். சின்னவள் கண்ணாடி போட்டிருந்தாள். நீலச் சட்டம், அவர் கடையில் விற்கிறதுதான்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. பின்னங்களைப் பற்றி ஏதோ கேட்டபோது மூன்றாவது வரிசையில் சின்னவளின் கை எழுந்தது. முழுக்க நீளவில்லை, காது மட்டத்தில் நின்றது. டீச்சர் அவளைக் கூப்பிட்டாள். அவள் எழுந்து நின்றாள், உதட்டை நனைத்துக்கொண்டாள், "மறந்துட்டேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பு சிரித்தது. அடுத்த கேள்விக்கு அந்தக் கை மறுபடியும் எழுந்தது. செவ்வாய்க்கிழமையும் எழுந்தது. பெரும்பாலும் தப்பான விடைதான். ஒவ்வொரு தடவையும் டீச்சர் குனிந்து சாக்பீஸைத் தேடுகிற மாதிரி நடித்தாள்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் சின்னவள் மேசையருகில் வந்து நின்றாள்.

"மிஸ், இன்னிக்கு அஞ்சு தடவதானே?"

"என்னது?"

"கை தூக்குனது. அப்பா தெனமும் கேக்கறாரு." பிறகு, கதவருகில் பையை மாட்டிக்கொண்டிருந்த பெரியவளைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்பாகிட்ட நீங்க சொன்னது அவளப் பத்தித்தானே மிஸ்?"

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதினோரு வயதுப் பெண்ணின் அந்தக் கேள்விக்கு, இருபத்தாறு வருஷ சர்வீஸ் சொன்ன பதில் இது: "பஸ்ஸ விட்டுடப் போற, ஓடு."

அவள் போய்விட்டாள். டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தப்பாகப் பேசியதுகூட வாய்தவறி என்று வைத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. ஒரு குழந்தை உண்மையைக் கையில் எடுத்து நீட்டியும் வாங்கத் தைரியம் இல்லாமல் விரட்டிவிட்டாள். வெட்கத்தில் அந்த வெறும் வகுப்பறையில்கூட நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள். லிஃப்ட்காரர் மதியமே வந்துவிட்டார். பெரிய பள்ளியின் விண்ணப்பம், கசங்காமல் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"எல்லாம் எழுதிட்டேன் டீச்சர். உங்க பகுதி மட்டுந்தான் பாக்கி."

கடைசிப் பக்கத்தில் 'வகுப்பாசிரியர் கருத்து' என்று போட்டு ஐந்து கோடுகள் இருந்தன. கீழே கையொப்பம். ஐந்து வரி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, தூக்கத்தில்கூட எழுதுவாள். எழுதிக் கொடுத்தால் அவர் சந்தோஷமாகப் போய்விடுவார், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்தப் பெண்ணைத் தவிர.

பேனாவை மேசையில் வைத்தாள்.

"நான் அன்னிக்குச் சொன்னது உங்க பொண்ணப் பத்தி இல்லீங்க. அதே பேர்ல இன்னொரு பொண்ணு இருக்கா. ஆள் மாத்திப் பேசிட்டேன்."

அவர் விண்ணப்பத்தைத் திரும்ப அட்டைக்குள் வைத்தார். "எப்பத் தெரிஞ்சுது?"

"நீங்க எந்திரிச்சுப் போன கொஞ்ச நேரத்துலயே."

அவர் கத்தியிருக்கலாம். தலைமையாசிரியையிடம் போயிருக்கலாம். அப்படிச் செய்தால் தேவலை என்று டீச்சருக்கு இருந்தது. அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, அது போகட்டும். அப்ப எம் பொண்ணு எப்படி? அதச் சொல்லுங்க."

டீச்சர் வாயைத் திறந்தாள். அமைதியான பெண், ஒழுங்கானவள், தொந்தரவு இல்லாதவள். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற சொற்கள் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. எதையும் வெளியே விட அவளுக்குக் கூசியது.

"எனக்குத் தெரியலீங்க."

"போன வருஷம் அஞ்சாவதுக்கும் சேத்து நீங்கதான கிளாஸ் டீச்சர்?"

"ஆமாங்க."

அவர் கருவிப் பையைத் திறந்து ஸ்பேனருக்கு அடியிலிருந்து நாலாக மடித்த இன்னொரு விண்ணப்பத்தை எடுத்தார். முதலில் நினைத்து வைத்திருந்த சின்னப் பள்ளியுடையது. மூலையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. நிதானமாக எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவள் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"இந்த அஞ்சு வரிய நானே எழுதிடறேன் டீச்சர். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதி, காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஓர் இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. திருத்த அவள் கை போகவில்லை.

'எதையும் முதலில் பார்ப்பாள், பிறகுதான் தொடுவாள். நான் எதைப் பிரித்துப் போட்டாலும் எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சமாகத்தான் பேசுவாள். யாராவது அழுதால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். தப்பு செய்தால் அன்றைக்கே வந்து சொல்லிவிடுவாள்.'

டீச்சர் கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். பிறகு அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.