கண்ணாடிக்குப் பின்னால் ஏழு பேர்

ஏத்தங்காய் வறுவல் பிடிக்காத ஒரே திருவனந்தபுரத்துக்காரி நானாகத்தான் இருப்பேன். கல்யாணப் பந்தியில் நேந்திரங்காய் வறுவல் பரிமாற வந்தால் இலைக்கு மேல் கையை மறித்துவிடுவேன். உடம்புக்கு ஆகாதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் அதைக் கடிக்கும் சத்தம் காதில் விழுந்தாலே எனக்குக் குமட்டும். ஒரு பெண் அழுவதைப் பார்த்தபடி, இருட்டறையில் உட்கார்ந்து, படித்தவர்கள் ஆறு பேர் அதைக் கடித்துத் தின்ற சத்தம் அது. ஏழாவது ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். மனசு சரியில்லாதவர்களோடு உட்கார்ந்து பேசுவதையே வேலையாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. அதற்கு எங்கே போய் என்ன படிப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மனோதத்துவத்தில் பி.ஏ. முடித்திருந்தேன், அதில் நாங்கள் படித்ததெல்லாம் எலியும் புறாவும் நாயும். எம்.ஏ. முடித்த அக்காமார்கள் பாங்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் படிப்புக்குப் பெங்களூர் போக வேண்டும், அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கன்னியாஸ்திரீகள் நடத்திய சமூகசேவைப் படிப்பு ஒன்று இருந்தது. அதில் சேரலாமா என்று வாய் தவறிக் கேட்டதற்கே, நான் மதம் மாறப் போகிறேன் என்று எங்கள் வலியசாலை அக்ரகாரம் முழுக்கப் பேச்சு.

அப்பா ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்தார். பெண்களுக்கு என்று அவருக்குத் தெரிந்த படிப்பு பி.எட். ஒன்றுதான்.

"பைத்தியக்காராளோட பேசறதுக்குன்னு ஒரு படிப்பா? அதான் ஆத்துலயே நாள் முழுக்கப் பேசிண்டிருக்கியே" என்றார்.

கடைசியில் ஒரு வருஷம் தந்தார். அதற்குள் உருப்படியாக ஒன்று கையில் வரவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு பி.எட். போக வேண்டும் என்பது உடன்படிக்கை.

அப்போதுதான் அந்த டிப்ளமோ பற்றிக் கேள்விப்பட்டேன். வெளிநாட்டில் சில மாதங்கள் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஒருவர், ஊரின் மேட்டுப் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் கவுன்சலிங் படிப்பு நடத்திக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் வெறும் சார். அவருடைய அறைக்கும் பக்கத்து அறைக்கும் இடையே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி பதித்திருந்தார். சாரின் அறையில் விளக்கு எரியும். அங்கிருந்து பார்த்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. எங்கள் அறை இருட்டு. எங்களுக்கு அது ஜன்னல். அங்கே பேசுவது எங்கள் சுவரிலிருந்த ஒரு பெட்டியில் கேட்கும். கேரளத்திலேயே இப்படி ஒன்று கிடையாது என்று சார் பூரித்துப் போவார். புதுமாப்பிள்ளை மோதிரத்தைக் காட்டுகிற மாதிரி வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். உள்ளே வந்து பேசுகிறவர்களிடம் மட்டும் காட்ட மாட்டார்.

முதல் நாள் முதல் பாடம், ரகசியம் காப்பது. நம்மிடம் ஒருவர் சொன்னது நம் மனைவிக்குக்கூடத் தெரியக் கூடாது என்று சார் சொல்ல, நாங்கள் ஏழு பேரும் பவ்யமாக எழுதிக்கொண்டோம். அதே கையோடு எங்களை இருட்டறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். அந்த நிமிஷமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மற்ற ஆறு பேரும் மலையாளிகள், மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். பயிற்சிக்கூடம் என்பதால் வருகிறவர்களிடம் பணம் வாங்குவதில்லை. அதனால் சாலைக் கடைத்தெருவில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் யாராவது வருவார்கள். சாருக்கு ஓரளவு தமிழ் தெரியும். பெட்டியில் கேட்பதை இருட்டில் மெதுவாக மலையாளத்தில் சொல்வது என் வேலை.

அந்தப் பெண் மழைக்காலத்தில் வந்தாள். நாகர்கோவில் பக்கம். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். மடியில் மூன்று மாதக் குழந்தை. புருஷன் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தான். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமியாரோடு குடியிருந்தார்கள். தூக்கமே இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளை அங்கே யாரோ இங்கே அனுப்பியிருந்தார்கள். குழந்தைக்கு ஊசி போடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

உட்கார்ந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் சொல்லது வெளிய போவாதுல்லா சாரே?"

"ஒண்ணும் பயப்படண்டா. இவிட நம்ம ரெண்டு பேர் மாத்திரம்" என்றார் சார். சொல்லும்போது கண்ணாடிப் பக்கம் அவர் கண் போகவில்லை. நல்ல பயிற்சி.

அவள் சொன்னாள். கிணற்றைக் கண்டாலே பயமாக இருக்கிறது. பிள்ளையை உள்ளே போட்டுவிடுவோமோ என்று ஒரு எண்ணம் வருகிறது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் வருகிறது. இடுப்பு வலி என்று பொய் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரியைக் கிணற்றில் தண்ணீர் கோரித் தரச் சொல்கிறாள். கிணறு இருக்கிற முற்றத்தில் பிள்ளையோடு இறங்குவதே இல்லை.

"எங்க மாமி அறிஞ்சா பிள்ளைய எடுத்துட்டு ஊருக்குப் போயிருவாவ. என்னைய எங்க அம்மை வீட்டுல கொண்டு விட்டுருவாவ. பெறவு எனக்குப் பிள்ளை இல்ல."

இதை நான் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, இருட்டில் வறுவல் பொட்டலம் கைமாறியது. கரக், கரக்.

குழந்தை அழ ஆரம்பித்தது. பசி. அவள் சாரைப் பார்த்தாள். நான் வெளியே இருக்கட்டுமா என்று அவர் கேட்பார் என நினைத்தாளோ என்னவோ. அவர் அசையவில்லை. ஆண்பிள்ளை எதிரே எப்படிப் பால் கொடுப்பது? நாற்காலியைத் திருப்பி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அந்த அறையில் ஆள் இல்லாத பக்கம் என்று அவளுக்குத் தெரிந்தது கண்ணாடி வைத்த சுவர்தான். எங்களுக்கு நேரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், முந்தானையை விலக்கிக் குழந்தையை அணைத்தாள்.

ஒருவர்கூட எழுந்து வெளியே போகவில்லை. ஒருவன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்தினேன். ஏன் நிறுத்திவிட்டாய், என்ன சொல்கிறாள், சொல் என்று பின்னாலிருந்து நச்சரித்தார்கள்.

அந்த நேரத்தில் டீக்காரர் வந்தார். பாவம், அவர் மேல் தப்பில்லை. கையில் கண்ணாடித் தம்ளர்களோடு இருட்டறைக்குள் நுழைகிற எவரும் செய்வதைத்தான் செய்தார். முழங்கையால் சுவிட்சை அழுத்தினார்.

எங்கள் பக்கம் வெளிச்சம் வந்ததும் அவளுக்கும் அது ஜன்னலாகிவிட்டது. தலை நிமிர்ந்தவள் கண்டது ஏழு முகங்கள். அதில் சில வாய்கள் மென்றுகொண்டிருந்தன. அவள் கத்தவில்லை. முந்தானையை இழுத்துக் குழந்தையோடு சேர்த்துத் தன்னை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் வாசலுக்கு ஓடியபோது மழைதான் இருந்தது.

சார் வந்தார். வந்தவர் டீக்காரரைப் பிடித்து உலுக்கினார், அவ்வளவுதான். பிறகு கரும்பலகைக்குப் போனார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நோயாளி எழுந்து போனால் அதற்கு நம் சாஸ்திரத்தில் என்ன பெயர் என்று கேட்டார். 'ரெசிஸ்டன்ஸ்', குணமாவதை நோயாளியே எதிர்ப்பது, என்றான் முழங்கையால் இடித்தவன். சபாஷ் என்றார். நான் வாசல் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்புளித்தேன். எத்தனை தடவை கொப்புளித்தும் அருவருப்பு போகவில்லை. நான் எதையும் தின்றிருக்கவில்லை.

அந்த ஞாயிறு எல்லோரையும் கல்லாற்றங்கரைக்கு அழைத்துப் போனார். ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொள்ளும் பயிற்சியாம். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். நான் சாயவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஆற்றுப் பாறைகளில் உட்கார்ந்தபோது, களுக்கென்று சிரித்தவள் அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பியதை நடித்துக் காட்டினாள். சாரும் சிரித்தார். கிணறு என்ற சொல்லும் அடிபட்டது. நடித்துக் காட்டியவளுடைய சித்தி சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். என்னால் நம்ப முடியவில்லை. பயம் குறையவில்லை, போக வேறு இடமும் இல்லை. சார் கண்ணாடியை மறைத்துப் புதுத் திரை போட்டிருந்தார். அதை அவளுக்கு இழுத்துக் காட்டினார். நாங்கள் எதையும் பார்க்க முடியாது, வாஸ்தவம். பெட்டி மட்டும் முன்போலவே பேசிக்கொண்டிருந்தது.

"இப்பம் ஆருக்கும் கேக்காதுல்லா?" என்றாள்.

நாம் இரண்டு பேர் மட்டும்தான் என்று அதே குரலில் சார் மறுபடி சொன்னார். பெட்டியைப் பற்றி அடுத்து ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எழுந்து போய், பேச்சு நடக்கும்போது திறக்கவே கூடாது என்றிருந்த சாரின் அறைக் கதவைத் திறந்தேன்.

"இங்க ஒரு மைக் இருக்கு. நீங்க பேசறது அந்தாண்ட கேக்கறது. நாங்க ஏழு பேர் கேட்டுண்டிருக்கோம்" என்றேன்.

சார் எழுந்துவிட்டார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"அண்ணைக்கும் நீங்க உண்டுமா?"

இருந்தேன் என்றேன்.

"கேட்டுட்டு என்ன நினைச்சிய?"

கேள்வி கேட்டால் அதைக் கேட்டவரிடமே திருப்பிப் போட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த வித்தை. என் வாயில் அது வரவில்லை.

"கொழந்தையைப் போடணும்னு இருக்கறவ கெணத்தை விட்டு ஓட மாட்டா. நீங்க ஓடறேள். உங்களால அதுக்கு ஒண்ணும் வராதுன்னுதான் நெனைச்சேன்."

கவுன்சலர் சொந்தக் கருத்துச் சொல்லக் கூடாது, அடிப்படையே தெரியவில்லை என்று சார் இங்கிலீஷில் இரைந்தார். பொய் சொல்லலாம், கருத்துத்தான் சொல்லக் கூடாது. என்ன படிப்போ.

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

"ஏழு பேரு அறிஞ்சாச்சுன்னா நாளைக்கு சாலைக் கடைக்கெல்லாம் வந்திரும். வேற ஆளு சொல்லி எங்க மாமி அறியாண்டாம். நானே போய்ச் சொல்லுகேன். கூட வாறியளா அக்கா?"

குடையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். பழவங்காடியில் வறுவல் கடைகளைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சந்துக்குள் அவள் வீட்டு வாசலில் மாமியார் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாள் முகத்தைப் பார்த்தபோது, ஒரு நல்ல வார்த்தை வருகிற முகமாக எனக்குத் தோன்றவில்லை. நானும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காரலாம், எனக்குத் தெரிந்ததை எடுத்துச் சொல்லலாம் என்று செருப்பைக் கழற்றினேன்.

"நீங்க போங்கக்கா. இதைக் கேக்கதுக்கு வேற ஆளு வேண்டாம்" என்றாள் அவள். மாமியாரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் பேசத் தொடங்குவது கேட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பிள்ளையார் கோயில் முன்னால், தேங்காய் உடைகிற சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாத இடம் வந்த பிறகுதான் நின்றேன்.

சார் என்னை வெளியே அனுப்பினார். இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாதவள் என்று அப்பாவைக் கூப்பிட்டே சொன்னார். மற்ற ஆறு பேருக்கும் டிப்ளமோ கிடைத்தது. களுக்கென்று சிரித்தவள் பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் வேலையில் சேர்ந்தாள். நான் பி.எட். போனேன், இந்தப் படிப்பை முறையாகப் படிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று, வேறு ஊருக்கும் போக வேண்டியிருந்தது. அன்று அவளிடம் நான் சொன்னது தப்பில்லை என்று அங்கேதான் தெரிந்தது.

பி.எட். போகும் முன்பே, மழை விட்ட ஒரு நாள் அந்தச் சந்து வழியாகப் போனேன். வேறு வழியும் இருந்தது, வேண்டுமென்றேதான் போனேன். அவள் வீட்டுக் கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. முற்றத்துப் பக்கம் கிணற்றுக் கப்பியின் சத்தமும் அவள் குரலும் கேட்டன. பிள்ளையோடு ஏதோ பேசிக்கொண்டே தண்ணீர் கோரிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்பது காதில் விழும் முன் நடையைக் கூட்டினேன்.