பதினைந்து புள்ளி, நடுவில் ஒரு தெரு

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு, மந்தைவெளியில் எங்கள் தெருவின் நட்டநடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் கோலமாவு. எதிரே, நெற்றியோடு நெற்றி இடிக்கிற தூரத்தில் செண்பகம். அவள் கையிலும் கோலமாவு.

அவளும் நானும் பேசி ஒரு வருஷம் ஆகிறது.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடம். அந்த இடத்தில் என் கோலமும் அவள் கோலமும் சேர வேண்டும். சேரவில்லை. ஆறு மணிக்கு பஜனை கோஷ்டி தெருவுக்குள் வந்துவிடும்...

இருங்கள், முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அரையாண்டு லீவு விட்டாலே வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? ஷாப்பிங் மாலா, பீச்சா, கோட்டூர்புரம் லைப்ரரியா? பொங்கலுக்குத் துணி எடுக்கிற சாக்கில் தி.நகரில் அரை நாளை ஓட்டிவிடலாமா? எல்லாம் நல்ல இடம்தான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் மார்கழியில் லீவு விடுவதே பிள்ளைகள் தெருவில் இறங்கத்தான் என்பது என் கட்சி. நான் பத்தாவது வரை படித்தவள். பெரிய விஷயமெல்லாம் தெரியாது. கோலம் தெரியும். இந்த மாசம் விடியற்காலையில் பெருமாள் தெருவில் நடக்கிறார் என்று மனசார நம்புகிறேன். அவர் வருகிற நேரத்தில் பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தால் எனக்கு ஒப்பாது. குளித்து, நெற்றிக்கு இட்டு, பஜனையோடு நாலு தெரு நடந்து, முனைப் பிள்ளையார் கோயிலில் தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் வாங்கித் தின்னட்டும். எந்த பஃபே அதன் பக்கத்தில் நிற்கும்?

இவ்வளவு பேசுகிற நான்தான் போன மார்கழியில் ஒரு காரியம் செய்தேன்.

செண்பகம் தெருவுக்கு எதிர்ப்பக்கத்து ஃபிளாட். அவள் வீட்டுக்காரர் தனசேகர் சாருக்குப் பெருங்குடியில் ஆபீஸ். அன்றைக்கு அவர் காரை ரிவர்ஸ் எடுத்தபோது, ஈரம்கூடக் காயாத என் கோலத்தின் மேல் ஏற்றிவிட்டார். ஒன்றரை மணி நேரம் முதுகு ஒடிய உட்கார்ந்து போட்ட கோலம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"கண்ணு தெரியலைன்னா வண்டியை எதுக்கு சார் எடுக்கணும்?" என்று கத்திவிட்டேன். தெருவே நின்று பார்த்தது.

சர்க்கரை வியாதியால் அவருக்குச் சீக்கிரமே கண்புரை வந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த ஆபரேஷன் நல்லபடியாக முடியவேண்டும் என்று முந்தின நாள்தான் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்திருந்தேன். சாமியிடம் அவர் கண்ணுக்காக வேண்டிய அதே வாய்!

அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். செண்பகம் மட்டும் பால்கனியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு பேச்சு நின்றது.

நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோலத்தை மிதித்தது அவர்தானே, முதலில் அவர்கள் வரட்டும் என்று இருந்துவிட்டேன். போதாக்குறைக்கு என் மகள் ஹரிணியிடம், "இனிமே எதிர்வீட்டுக்கு விளையாடப் போகக் கூடாது" என்றும் சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருவில் ஷட்டில் ஆட இடம் என்றால் செண்பகம் ஃபிளாட்டின் கார் பார்க்கிங் ஒன்றுதான். சாக்பீஸால் கோடு போட்டு, கொடிக்கயிறு கட்டி ஆடுவார்கள். ஹரிணி ஏழாவது. செண்பகத்தின் மகள் யாழினியும் ஏழாவது, ஒரே பெஞ்ச். ஸ்கூலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, தெருமுனை வந்ததும் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நடந்து வருவார்களாம். இதை எனக்குச் சொன்னது என் வீட்டுக்காரர்.

"உங்க சண்டைக்கு அதுங்க டூட்டி பாக்குதுங்க" என்றார்.

இந்த வருஷமும் லீவு விட்டது. இரண்டு நாள் ஹரிணி போனும் கையுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, இந்த வருஷம் ஒரே கோலமா போடலாமா? நம்ம கேட்ல ஆரம்பிச்சு அவங்க கேட் வரைக்கும். நீ நம்ம பக்கத்துலேர்ந்து வா, செண்பகம் ஆன்ட்டி அவங்க பக்கத்துலேர்ந்து வரட்டும்."

"அவ ஒத்துக்குவாளா?"

"அவங்கதாம்மா கேட்டாங்க."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. பார், அவளே இறங்கி வந்துவிட்டாள்! வெளியே காட்டிக்கொள்ளாமல், "சரி, பதினஞ்சு புள்ளின்னு போய்ச் சொல்லு. சிக்குக்கோலம். மத்ததெல்லாம் அவளுக்கே தெரியும்" என்றேன்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் வினை இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு இரண்டு பேரும் அவரவர் கேட்டில் தண்ணீர் தெளித்து ஆரம்பித்தோம். அவள் பக்கம் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பக்கம் அவளும் பார்த்திருக்க மாட்டாள். தெரு விளக்கு வெளிச்சத்தில் தலையைக் குனிந்தபடி புள்ளி வைத்து, கோடு இழுத்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நடுத்தெருவுக்கு வந்தோம். பெண்கள் இரண்டும் ஒரு வாளி சாணியும் ஒரு பை பரங்கிப்பூவுமாக ஓரமாக நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தன.

பால் பாக்கெட் போடுகிற முருகேசன் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னாக்கா, ரோட்டையே வளைச்சுப் போட்டுக்கினு கீறீங்க. நான் எப்டிப் போவேன்?"

"தூக்கிக்கிட்டுப் போங்க முருகேசன்."

"சைக்கிளையா, பாலையா?" என்று முனகியபடி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, விளிம்பில் நுனிக்காலில் நடந்து போனார்.

நானும் செண்பகமும் முதுகுக்கு முதுகு வந்துவிட்டோம். இரண்டு பேரும் திரும்பி உட்கார்ந்தோம். அப்போது மேலே முதல் மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல். தனசேகர் சார். கையில் காபி டம்ளர்.

"ராஜிம்மா... எனக்குத்தான் கண்ணு தெரியாது. இருந்தாலும் சொல்றேன். நடுவுல சேரலை."

தூக்கிவாரிப் போட்டது. குனிந்து எண்ணினேன். என் கடைசி வரிசையில் பதினைந்து புள்ளி. அவள் கடைசி வரிசையில் பதினாலு.

புரிந்துவிட்டது. நான் வைத்தது நேர்ப்புள்ளி. ஒரு புள்ளிக்கு நேர் எதிரே அடுத்த புள்ளி, எல்லா வரிசையிலும் பதினைந்து. அவள் வைத்தது ஊடுபுள்ளி. இரண்டு புள்ளிக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி விழும். பதினைந்து, பதினாலு, பதினைந்து, பதினாலு என்று மாறி மாறி வரும். என் கோடெல்லாம் நேராக நீட்டிக்கொண்டு நின்றது. அவள் கோடெல்லாம் சாய்வாக வந்து அந்தரத்தில் நின்றது. சிக்குக்கோலத்தில் கோடு வாய் திறந்து நிற்கக் கூடாது. அப்படியே விட்டுவிட்டு உள்ளே போகிற வழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலுமே கிடையாது.

"ஊடுபுள்ளியா வெச்சே?"

ஒரு வருஷம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். எத்தனையோ நல்ல வார்த்தை இருக்க, வாயில் வந்தது இது.

"பதினஞ்சுன்னுதானே சொல்லி அனுப்பிச்சீங்க? நேருன்னு சொன்னீங்களா?" என்றாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எப்படிக் கேக்கறது? பேசினாத்தானே கேக்க முடியும்."

கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டேன்.

"ஒரே கோலமா போடணும்னு ஆசைப்பட்டுக் கேட்டீங்களேன்னுதான் நான் வந்தேன்" என்றாள் செண்பகம்.

"நானா? நீ கேட்டேன்னுல்ல ஹரிணி சொன்னா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பெண்கள் இரண்டும் அதைவிட முக்கியமான வேலை உலகத்திலேயே இல்லாத மாதிரி சாணியை உருட்டிக்கொண்டிருந்தன.

செண்பகம்தான் முதலில் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. மேலே பால்கனியில் காபி புரையேறுகிற சத்தம் கேட்டது.

தூரத்தில் ஜால்ரா சத்தமும் கேட்க ஆரம்பித்தது. பஜனை அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது.

"இப்போ என்னடி பண்றது?"

அவள் தலையைச் சாய்த்துக் கோலத்தையே பார்த்தாள். "அக்கா, உங்க கடைசி வரிசையை மட்டும் ஊடுன்னு நெனச்சுக்குங்க. அப்ப என் பதினாலும் உங்க பதினஞ்சுக்கு நடுவுல சரியா உக்காந்துடும். புள்ளியை யாரும் மாத்த வேணாம். கோட்டை மட்டும் கொஞ்சம் வளைக்கணும்."

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ஆனால் வளைக்க வேண்டியது என் கோட்டை. அதற்கு என் கடைசி வரிசைக் கோடுகளை அழிக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தெருவில் கோலம் போடுகிறேன். என் கோலத்தை நானே அழித்ததில்லை. அடுத்தவர் அழித்தால் என்ன பேசுவேன் என்பதைத்தான் பார்த்தீர்களே.

பக்கத்திலிருந்த செம்பில் தண்ணீரைத் தொட்டேன். உள்ளங்கையால் பதினைந்து புள்ளியைச் சுற்றி இருந்த கோட்டையெல்லாம் துடைத்தேன். ஈரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தேன். அவள் அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து வளைத்தேன். மூன்று இடத்தில் விரல் முட்டிக்கொண்டது. கடைசி வளைவை மூடும்போது பஜனை தெருமுனை திரும்பிவிட்டது. பெண்கள் ஓடி வந்து நடுவரிசையில் சாணி உருண்டைகளை வைத்துப் பரங்கிப்பூவைச் செருகின.

கோஷ்டி எங்கள் கோலத்துக்கு முன்னால் நின்றே ஒரு பாட்டு முழுக்கப் பாடியது. நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். பெருமாளே, ஒரு வருஷத்தை வீணடித்துவிட்டேன் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

பஜனை நகர்ந்ததும் பெண்கள் இரண்டும் பொங்கலுக்காக அதன் பின்னாலேயே ஓடின. தனசேகர் சார் கீழே இறங்கி வந்திருந்தார். அவர் எதிரில் போய் நின்றேன்.

"சார், போன வருஷம் நான் ஒண்ணு சொன்னேன்... தப்பு சார். மன்னிச்சுக்கணும்."

"ஆபரேஷன் நல்லா ஆயிடுச்சும்மா" என்றார். "முன்னல்லாம் உங்க கோலம் எனக்கு வெள்ளையா ஒரு கலங்கல், அவ்வளவுதான். இப்ப மாடியிலேர்ந்தே புள்ளி எண்றேன்."

"எண்ணினது போதும், ஆபீஸ் கிளம்புங்க" என்றாள் செண்பகம்.

இங்கேதான் ஒரு சிக்கல். கேட்டுக்குக் கேட் கோலம். கார் வெளியே வர ஒரு சாண் வழி இல்லை. அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கோலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பஸ்லயே போயிடறேன்மா. உங்க வாய்க்கு யாரு பதில் சொல்றது."

"அதெல்லாம் வேணாம் சார். ஏத்துங்க. பெருமாள் பார்த்தாச்சு. நாளைக்கு வேற போடப் போறோம்."

தயங்கித் தயங்கி ரிவர்ஸ் எடுத்தார். நான் காருக்குப் பின்னால் நின்று கையைக் காட்டினேன். "வாங்க சார்... கொஞ்சம் லெஃப்ட்... வாங்க, வாங்க." டயர் முழுக்க வெள்ளை மாவோடு பெருங்குடி கிளம்பியது வண்டி.

பொங்கல் தொன்னையோடு திரும்பி வந்த ஹரிணி, அழிந்த கோலத்தைப் பார்த்துப் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பார்க்கறே? ராக்கெட்டை எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். தொன்னையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அன்று முழுக்க எதிர் கார் பார்க்கிங்கில் ஒரே கூச்சல். மதியம் என்னால் கண் அயரவே முடியவில்லை. லீவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுநாளைக்குப் பத்தொன்பது புள்ளி என்று முடிவு செய்தோம். நேரா, ஊடா என்பதை, செருப்பைப் போட்டுக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்துவிட்டேன்.