ஒரு முழ இடைவெளி

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் காலைப் பேருந்தில் கால் வைக்க இடமில்லை. மலை ஏறி முடித்ததும் நடத்துநர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். ஒல்லியான மனிதர். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் பேசுவார்.

"இதான் என் வூடு. ஐரிஸ் செடி பூத்துக்கீது! ரெண்டே நிமிஷம், எல்லாரும் எறங்கி வந்து பாருங்க. சாயங்காலம் சுருங்கிப்பூடும்!"

ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் இறங்கி ஓடினோம். வேலியோரம் வெள்ளை இதழும் நீல நடுவுமாக ஏழு பூக்கள்! கூடை வைத்திருந்த பெண் "யம்மாடி!" என்று கூவியேவிட்டாள்.

"மூணு வருஷமா ஒண்ணுகூட பூக்கலீங்க. ஜாஸ்தி பூக்கட்டும்னு நெருக்கி நெருக்கி நட்டுட்டேன். போன மழைக்கு எல்லாத்தையும் பேத்து, ஒரு முழம் தள்ளித் தள்ளி வச்சேன். மூச்சு வுட எடம் வேணும்ல?" இதைச் சொல்ல அவர் விசிலைப் பல்லிலிருந்து எடுத்திருந்தார்.

திரும்ப ஏறினோம். படியில் தொங்கிய என் முதுகில் நடத்துநர் கைவைத்துத் தள்ளினார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எவ்ளோ எடம் கீது, இன்னும் பத்து பேரு நிக்கலாம்!"

யாருடைய அக்குளிலோ முகம் புதைந்து நின்ற எனக்கு, அந்த ஏழு பூக்கள்மேல் வந்த பொறாமை இன்னும் போகவில்லை.